மறுமொழி வரும் தூரம்

காது கொடுத்துக் கேட்பதைக் கடிதத்தில் கற்க முடியுமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, நடத்தைசார் உளநல ஆலோசனை என்னும் துறையில் முதுகலைப் பட்டத்தை இணையவழியாகவே அளித்துவருவதைப் பற்றி நம் நண்பர் வட்டத்தில் பேச்சு வந்தபோது எழுந்த கேள்வி இது. நம்மில் பெரும்பாலோர் முகம் சுளித்தோம். கணக்கியலையோ இலக்கண வரலாற்றையோ திரையில் படிக்கலாம். உடைந்துபோன ஒரு மனிதனின் எதிரில் அமர்வதை எப்படித் திரையில் படிப்பது என்பதே நம் ஐயம். ஆனால் தேடிப் படிக்கப் படிக்க அந்தச் சுளிப்பு அவசரமானது என்று புரிந்தது. தொலைவிலிருந்து கற்பதும் பிறர் துயரைக் கேட்பதும் வெவ்வேறு வரலாறுகள் என்று எண்ணியிருந்தோம். அவை இரண்டும் ஒரே கேள்வியைச் சுற்றியே வளர்ந்திருக்கின்றன.

முதலில் ஒரு சிறு செய்தி. உளப்பகுப்பாய்வின் புகழ்பெற்ற நோயாளிகளில் ஒருவன் ஐந்து வயதுச் சிறுவன். 'சின்ன ஹான்ஸ்' என்னும் புனைபெயரில் வரலாற்றில் நிற்பவன். குதிரைகளைக் கண்டு அஞ்சித் தெருவுக்கு வர மறுத்த அவனைப் பற்றிய ஆய்வை ஃபிராய்ட் 1909இல் வெளியிட்டார். அச்சிகிச்சைக் காலத்தில் ஃபிராய்ட் அச்சிறுவனோடு நேரில் பேசியது ஒரே ஒரு முறைதான். மற்றதெல்லாம் தந்தை எழுதி அனுப்பிய குறிப்புகள், அவற்றுக்கு ஃபிராய்ட் அளித்த விளக்கங்கள். அந்த விளக்கங்கள் சரியா தவறா என்பது வேறு விவாதம். இத்துறை தன் தொடக்கக் காலத்திலேயே தொலைவைக் கண்டு அஞ்சவில்லை என்பதே நாம் இங்கு கவனிக்க வேண்டியது.

இனி தொலைவழிக் கல்வியின் கதைக்கு வருவோம். பிரிட்டனில் 1840இல் ஒரு பென்னி அஞ்சல் முறை வந்தது. ஒரே கட்டணத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகலாம் என்றானதும், தம் சுருக்கெழுத்து முறையை மூன்றாண்டுகளுக்கு முன் வெளியிட்டிருந்த ஐசக் பிட்மன் அதையே வகுப்பறையாக்கிக்கொண்டார். மாணவர் விவிலியப் பகுதியொன்றைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார். அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். பாடத்தை அச்சிட்டு விற்பது அவருக்கு முன்பே இருந்த வழக்கம். திருத்தம் திரும்பி வந்ததுதான் இதில் புதிது. 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், இணைப்புக் கல்லூரி எதிலும் படிக்காதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. ஆயினும் அது தேர்வை மட்டுமே திறந்தது. கற்பிக்கும் கையை அங்கே மாணவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

கற்பிக்கும் கை பாஸ்டனிலிருந்து நீண்டது. ஸ்பானிய இலக்கிய வரலாறு எழுதிய ஜார்ஜ் டிக்னரின் மகள் அன்னா எலியட் டிக்னர், 1873இல் வீட்டுக் கல்வியை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். உயர்கல்வி பெண்களுக்குப் பெரும்பாலும் மூடியிருந்த காலம் அது. பண்ணை வீடுகளிலும் சிற்றூர்களிலும் இருந்த பெண்களுக்கு நூல்கள் அஞ்சலில் சென்றன; அவர்கள் படித்ததைப் பற்றி மாதந்தோறும் எழுதினார்கள்; ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பெண் அமர்ந்து பதில் எழுதினாள். ஊதியம் பெறாமல் எழுதியவர்களே மிகுதி. 24 ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் படித்தார்கள். டிக்னர் மறைந்த மறு ஆண்டு, 1897இல், அச்சங்கமும் முடிவுக்கு வந்தது. அதற்குள், 1892இல் கதவு திறந்த சிகாகோ பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தன் அமைப்பின் ஒரு பகுதியாகவே ஏற்றிருந்தது.

ஆலோசனை என்னும் தொழிலின் வேரும் அதே பாஸ்டனில்தான் கிடைக்கிறது. 1908 ஜனவரியில் ஃபிராங்க் பார்சன்ஸ் அங்கே தொழில் வழிகாட்டும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். ஆலைகளுக்கும் கடைகளுக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த, புலம்பெயர்ந்தோர் வீட்டு இளைஞர்கள் அங்கே வந்தார்கள். உன்னை அறி, உலகின் வேலைகளை அறி, இரண்டையும் பொருத்திச் சிந்தி என்பதே பார்சன்ஸின் முறை. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் இறந்துபோனார். ஒரு தொழிலைத் தேர்வதைப் பற்றிய அவருடைய நூல் 1909இல்தான் அச்சேறியது.

அதே 1908இல் இன்னொரு நூல் வந்தது. யேல் பல்கலைக்கழகப் பட்டதாரியான கிளிஃபர்ட் பியர்ஸ், 1900இல் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர். அதன்பின் மூன்றாண்டுகள் மனநோய் விடுதிகளில் அடிபட்டும் கட்டுண்டும் கிடந்தவர். அந்த அனுபவத்தைத் தன்வரலாறாக எழுதினார். கையெழுத்துப் படியை வாசித்த வில்லியம் ஜேம்ஸ் அதற்கு ஆதரவளித்தார். மறு ஆண்டே உளநலத்துக்கான தேசியக் குழு அமைந்தது. ஒரு தன்வரலாற்று நூல் ஒரு நாட்டின் மருத்துவமனைகளைத் திரும்பிப் பார்க்கவைத்தது என்பதை இலக்கிய வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒருபுறம் வேலை தேடும் இளைஞன், மறுபுறம் சித்தம் கலங்கிய மனிதன். இவ்விருவருக்கும் தேவைப்பட்டது, பொறுமையாகக் கேட்கும் ஒருவர்.

கேட்பதை எப்படிக் கற்பிப்பது? நெடுங்காலம் அதற்கு ஒரே வழிதான் இருந்தது. மூத்தவர் தம் நினைவிலிருந்து சொல்வார், இளையவர் நம்புவார். மூடிய கதவுக்குள் நடந்தது என்ன என்பதற்குச் சான்று கிடையாது. இதை மாற்றியவர் கார்ல் ரோஜர்ஸ். ராச்செஸ்டரில் 12 ஆண்டுகள் குழந்தைகளோடு பணியாற்றிவிட்டு 1940இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், ஆலோசனை அறைக்குள் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்தார். இசைத்தட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் சில நிமிடப் பேச்சு மட்டுமே அடங்கிய காலம் அது. தட்டுகளை மாற்றி மாற்றிப் பேச்சு பதிவாயிற்று. 1942இல் அவர் வெளியிட்ட 'கவுன்சலிங் அண்ட் சைக்கோதெரபி' நூலில், ஹெர்பர்ட் பிரையன் என்னும் புனைபெயர் கொண்ட இளைஞனோடு நடந்த எட்டுச் சந்திப்புகளும் சொல்லுக்குச் சொல் அச்சாகியிருந்தன. ஆலோசகர் தவறிய இடங்களையும் ரோஜர்ஸ் குறிப்புகளில் சுட்டிக்காட்டியிருந்தார்.

இதுவே இவ்வரலாற்றின் திருப்பம் என்று நமக்குத் தோன்றுகிறது. உளவியலாளர்கள் அதுவரை மறைகாப்பாக வைத்திருந்த ஓர் உரையாடல் வாசிக்கத்தக்க பிரதியாக மாறியது. நாம் ஒரு நாடகத்தை வாசிப்பதுபோல் அதை வாசிக்கலாம். இந்த இடத்தில் அவர் ஏன் குறுக்கிட்டார், அந்த மௌனத்தை ஏன் விட்டுவைக்கவில்லை என்று விவாதிக்கலாம். வாசிக்க முடிந்ததை ஆயிரம் மைலுக்கு அப்பாலும் வாசிக்கலாம். குளோரியா என்னும் ஒரே பெண்ணோடு ரோஜர்ஸ், பெர்ல்ஸ், எல்லிஸ் ஆகிய மூவரும் தனித்தனியே உரையாடும் படம் 1965இல் வெளிவந்து, தலைமுறை தலைமுறையாக வகுப்புகளில் காட்டப்பட்டது. இணையம் பிறக்குமுன்பே ஆலோசனைக் கல்வி பதிவுகளின் வழியே நடக்கத் தொடங்கிவிட்டது.

தேவையும் பெருகியது. 1955இல் அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். புதிய மருந்துகள் வந்தன. 1963 அக்டோபர் 31 அன்று சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கென்னடி கையொப்பமிட்டார். மூன்று வாரங்கள் கழித்து அவர் கொல்லப்பட்டார். விடுதிகள் காலியாயின, திட்டமிட்ட எண்ணிக்கையில் மையங்கள் எழவில்லை. வெளியே வந்தவர்களைப் பார்த்துக்கொள்ள ஊரூராக ஆட்கள் தேவைப்பட்டார்கள். குடிநோயாளிகளின் தற்சார்புக் குழுக்கள் 1935 முதல் வளர்த்த மரபு தனியே ஓடிக்கொண்டிருந்தது. மனநோய், போதை அடிமைத்தனம் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் சொல்லாகவே நடத்தைசார் உளநலம் என்பது காப்பீட்டு நிறுவனங்களின் துணையோடு பின்னர்ப் பரவியது. ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் வர்ஜீனியா, 1976இல். கடைசி மாநிலம் கலிஃபோர்னியா, 2009இல். இடையில், 1981இல், ஆலோசனைப் படிப்புகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் காக்ரெப் என்னும் அமைப்பு தோன்றியது.

மருத்துவரோ ஆலோசகரோ இல்லாத மேற்கத்திய மாவட்டம் ஒன்றில், பகலில் பள்ளியிலோ கடையிலோ வேலை பார்த்துக் குடும்பத்தையும் தாங்கும் ஒருவர், நகரத்துக்குக் குடிபெயர்ந்து இரண்டு மூன்றாண்டுகள் படிப்பது நடக்கக்கூடியதா? அவர் படிக்காவிட்டால் அந்த ஊருக்கு யார் வருவார்? இணையப் பட்டத்தின் மெய்யான நியாயம் இங்கேதான் இருக்கிறது. டிக்னரின் பண்ணை வீட்டுப் பெண்ணே இன்று வேறு உருவில் வந்து நிற்கிறாள்.

ஆனால் இந்த நியாயத்தை வைத்தே கொள்ளையும் நடந்தது. எழுத்தாளர்களான நமக்கு நன்கு உறைக்கும் உதாரணம், கனெக்டிகட்டில் 1961இல் தொடங்கிய 'ஃபேமஸ் ரைட்டர்ஸ் ஸ்கூல்'. பதிப்பாளர் பென்னட் செர்ஃப் முதலான பெரும் புள்ளிகளின் படங்களோடு விளம்பரம் வரும்; அவர்களே உங்களுக்கு எழுதக் கற்றுத்தருவார்கள் என்ற மயக்கத்தில் பணம் கட்டுவார்கள். 1970 ஜூலையில் 'அட்லாண்டிக்' இதழில் ஜெசிகா மிட்ஃபர்ட் எழுதிய கட்டுரை அந்த மயக்கத்தைக் கலைத்தது. அப்பிரபலங்கள் மாணவர்களின் பயிற்சிகளைப் பார்ப்பதே இல்லை. பாதியில் நின்றுபோகும் மாணவர்களே அந்நிறுவனத்தின் வருவாய். 1972இல் அது திவாலானது. அஞ்சலில் கற்பித்ததில் குற்றம் ஏதுமில்லை. மறுமொழி வரும் என்று சொல்லிவிட்டு யாரும் அமர்ந்து வாசிக்காததே அங்கு நடந்த மோசடி.

இத்தகைய முறைகேடுகள் அரசின் கல்விக் கடனையும் விழுங்கத் தொடங்கவே, 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வரம்பு விதித்தது. பாடங்களிலோ மாணவர்களிலோ பாதிக்குமேல் தொலைவழியாக இருந்தால் அந்நிறுவனத்துக்குக் கூட்டரசின் உதவி இல்லை. அதற்கு முன்பே, 1989இல், ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் கணினிவழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியிருந்தது. 2006இல் அவ்வரம்பு இணையவழிக் கல்விக்கு நீங்கியது. அதன்பின் இணையப் பட்டங்கள் வெள்ளம்போல் பெருகின. 2020இன் பெருந்தொற்று, வளாகத்தை விடாத பல்கலைக்கழகங்களையும் திரைக்குமுன் அமர்த்தியது. ஆலோசனையையும் திரைக்கே கொண்டுவந்தது.

சரி, உடைந்த மனிதனின் எதிரில் அமர்வதை அவர்கள் எங்கே கற்கிறார்கள்? காக்ரெப் அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால், இணையமோ வளாகமோ, விதி ஒன்றே. கோட்பாடு, அறவியல், ஆய்வுமுறை ஆகியவற்றைத் திரையில் படிக்கலாம். அதன்பின் 100 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. அதில் 40 மணி நேரமாவது ஆலோசனை நாடி வருபவரோடு செலவிட வேண்டும். அடுத்து 600 மணி நேரக் களப்பயிற்சி; அதில் 240 மணி நேரம் அவ்வாறே. வாரந்தோறும் மேற்பார்வையாளர் ஒருவர் மாணவரின் அமர்வுகளைக் குறித்து அவரோடு பேசியாக வேண்டும். பட்டம் பெற்றபின்னும் உரிமம் உடனே கிடைப்பதில்லை. பல மாநிலங்களில் ஏறத்தாழ 3000 மணி நேரம் மேற்பார்வையில் பணியாற்றிய பிறகே தனித்து நிற்கலாம். அங்கீகாரம் உள்ளதா, தம் மாநில உரிமத்துக்கு அது செல்லுமா என்று பாராமல் சேர்ந்தவர்கள், ஆண்டுகளும் கடனும் போனபின் வெறும் காகிதத்தோடு நிற்கக்கூடும். இந்தப் படிப்பில் மிக விலையுயர்ந்த பிழை அதுவே.

நம் பழைய ஐயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1966இல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்னும் கணினி நிரலை வெளியிட்டார். ரோஜர்ஸ் பாணி ஆலோசகரைப்போல, எழுதுபவரின் சொற்களையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய நிரல் அது. அது எப்படி உருவானது என்பதை அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும், அறையைவிட்டு வெளியே போங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார். வைசன்பாம் திடுக்கிட்டார். 1976இல் அவர் எழுதிய நூல், எந்திரத்திடம் ஒப்படைக்கக் கூடாத மனிதப் பொறுப்புகள் உண்டென்று எச்சரித்தது.

அச்செயலாளரைக் கண்டு நகைக்க நமக்கு உரிமையில்லை. மறுமொழிக்கு மனிதர்கள் எவ்வளவு பசித்திருக்கிறார்கள் என்பதையே அவர் காட்டினார். பிட்மனின் திருத்தம், டிக்னரின் கடிதம், ரோஜர்ஸின் இசைத்தட்டு, இன்றைய மேற்பார்வையாளரின் வாராந்தர ஒரு மணி நேரம் ஆகியவை எல்லாம் அந்தப் பசிக்கு இடப்பட்ட சோறு. எழுதியதை ஒருவர் வாசித்தார், சொன்னதை ஒருவர் கேட்டார், பிறகு பொறுப்போடு பதில் தந்தார். அது நடந்த இடத்தில் தொலைவு தடையாகவில்லை. அது நடக்காத இடத்தில் ஒரே அறையில் அமர்ந்திருந்தும் பயனில்லாமல் போயிற்று.

ஆகவே இணையத்தில் ஆலோசனை படிக்கும் ஒருவரிடம் நாம் கேட்க வேண்டியது, எந்தத் திரையில் படிக்கிறீர்கள் என்பதல்ல. உங்கள் அமர்வை யார் கேட்கிறார், உங்கள் தவற்றை யார் உங்களுக்குச் சொல்கிறார் என்பதே. அதற்கு அவர் ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால், நாம் சுளித்த முகத்தைத் திருத்திக்கொள்ளலாம்.