டாக்டர் மேத்: அரட்டைச் செயலியில் கணிதம்

தென்னாப்பிரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடையே 2000-களின் நடுவில் காட்டுத்தீ போலப் பரவிய அரட்டைச் செயலி மிக்ஸிட். அதை ஸ்டெல்லன்போஷ் நகரில் ஹெர்மன் ஹியூனிஸ் நிறுவினார். சாதாரண பட்டன் போனிலேயே அது இயங்கியது. ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு முக்கால் ரேண்ட் வரை ஆன நாளில், மிக்ஸிட் செய்திக்கு ஓரிரு சென்ட்தான். படிப்பு கெடுகிறது, முன்பின் தெரியாதவர்களோடு பிள்ளைகள் பழகுகிறார்கள் என்று பெற்றோர் அஞ்சினர். பல பள்ளிகள் அதற்குத் தடை போட்டன. அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது.

பிரிட்டோரியாவின் மெராக்கா ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய லாரி பட்கெரைட் வேறு வழியில் யோசித்தார். பிள்ளைகள் கூடியிருக்கும் இடத்துக்கே கணிதத்தைக் கொண்டுபோகலாம் என்று 2007-இல் 'டாக்டர் மேத்' சேவையைச் சிறிய சோதனையாகத் தொடங்கினார். வீட்டுப்பாடத்தில் சிக்கிய மாணவர் அந்தப் பெயரைத் தன் நண்பர் பட்டியலில் சேர்த்துக் கேள்வி அனுப்புவார். மறுமுனையில் கணினி முன் ஆசிரியர்களாக அமர்ந்திருந்தவர்களில் பலர் பிரிட்டோரியா பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள். சமூகப் பணி அவர்களுடைய பாடத்திட்டத்திலேயே கட்டாயம் என்பதால் ஆள் பஞ்சம் வரவில்லை.

விளம்பரமே இல்லாமல், ஒருவர் சொல்லி இன்னொருவர் என ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர். ஒருவரே ஒரே நேரத்தில் பலருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் அதற்கெனத் தனி மென்பொருள் எழுதப்பட்டது. மாணவரின் தொலைபேசி எண் ஆசிரியருக்குத் தெரியவில்லை. இருவரும் சொந்த விவரங்களைப் பரிமாறிக்கொள்ளவும் அனுமதி இருக்கவில்லை. பெற்றோரின் அச்சத்துக்குச் சொல்லப்பட்ட நேர்மையான பதில் அது. வர்க்கமூலத்தையும் பின்னத்தையும் ஒற்றை வரியில் தட்டச்சு செய்து புரியவைப்பது எளிதாக இருக்கவில்லை. பிள்ளைகளின் வெட்டிச் சுருக்கிய அரட்டை மொழியையும் ஆசிரியர்கள் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த முயற்சியின் உயிர்நாடி, விடையை நேரடியாகச் சொல்லக் கூடாது என்ற விதி. 'நீ எதுவரை செய்தாய்?', 'அடுத்து என்ன செய்யலாம்?' என்ற வகையில் திருப்பிக் கேட்டு, மாணவரையே விடைவரை நடத்திச் செல்ல வேண்டும். எதை, எப்போது கேட்பது என்பதை மாணவர்தான் முடிவு செய்தார். மதிப்பெண்ணோ வருகைப் பதிவோ இல்லை. வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்பட்டவர்களும் இங்கே தயங்காமல் கேட்க முடிந்ததற்கு இந்தச் சுதந்திரமும் புனைபெயரில் பேச முடிந்ததும்தான் காரணம்.



ஸ்மார்ட்போன்களும் வாட்ஸப்பும் பெருகியபின் மிக்ஸிட் தேய்ந்தது. 2015-இல் அதன் வணிகச் செயல்பாடு நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு மிக்ஸிட் சேவையே மூடப்பட்டது.