காவலன் என்னுஞ் சொல்

'கா' என்னும் அடியிற் பிறந்த காவலன் என்னுஞ் சொல் சங்கநூல்களில் அரசனைக் குறிக்கும். அவன் பேணிய மரம் காவன்மரம். அவனது அரணைச் சூழ்ந்த காடு காவற்காடு. புறநானூற்றுப் புலவருள் ஒருவர் பெயரோ காவற்பெண்டு. அது செவிலித்தாய்க்கு வழங்கும் பெயர். முடிபுனைந்தோனும் பிள்ளை வளர்ப்பவளும் ஒரு தொழிலாற் பெயர் பெற்றமை எண்ணத்தக்கது.

சோழர் கல்வெட்டுக்களிற் காணும் பாடிகாவல், ஊர்காத்தலையும் அதற்கென இறுக்கும் வரியையும் குறித்தது. வரி தண்டுவோன் அஞ்சப்படுபவனுமாவான். 'காவலில் வைத்தல்' சிறைசெய்தலாயினமை வியப்பன்று.

இச்சொல்லின் பழம்பொருள் வன்னி வயல்களிலேயே கெடாது நின்றது. நாயாற்றுக் கடனீரேரியை அடுத்த ஊர்களில், காலபோக நெல் முற்றுங்கால் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிப் பரணில் இரவெல்லாம் விழித்திருப்பதே காவல். அரசன் பெயர் உழவனிடம் வந்தது இழிவன்று. காக்கும் பொருள் கண்முன்னே நிற்பது அவனுக்கே.

1984 டிசெம்பரில் நாயாற்றுக்குத் தெற்கேயுள்ள கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அது காலபோகப் பயிர் வயலில் நிற்கும் பருவம். பயிர் இருக்கக் காவல் ஒழிந்தது.

பின்னர் இச்சொல் வேறு கைக்கு மாறிற்று. அரசாங்கம் 'பொலிஸ்' என வழங்க, விடுதலைப் புலிகள் 1991இல் அமைத்தது 'காவற்றுறை' எனப் பெயர் பெற்றது. போர்முனையில் மண்மூடையடுக்கிய நிலை 'காவலரண்' ஆயிற்று. அங்கும் இரவெல்லாம் விழித்திருந்தனர், நோக்கியது கதிரையன்று. போர் 2009இல் முடிந்தது. மீண்ட குடிகள் காடேறிக் கிடந்த வயலைத் திருத்தி விதைத்தபோது, யானைக்காவல் மீண்டும் அவர்களுடையதாயிற்று.