மணலும் திரையும்

மாணவர்களே! கல்விக் கருவி என்றவுடன் உங்கள் கண்முன் தோன்றுவது கணினியாகவோ கைப்பேசியாகவோ இருக்கலாம். எனக்கு முதலில் தோன்றுவது மணல். 1960களில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில், முதல் வகுப்புப் பிள்ளைகளாகிய நாங்கள் மணலில்தான் அகரம் எழுதினோம். ஆற்றிலிருந்து அள்ளி வந்து, சலித்துப் பரப்பிய மணல். ஆசிரியர் எங்கள் விரலைப் பற்றி அழுத்தி எழுதுவிப்பார். விரல் நுனி எரியும். எழுத்துப் பிழையானால் உள்ளங்கையால் ஒரு தடவு, பிழை மறைந்துவிடும். இதனினும் மலிவான பலகை உலகில் உண்டோ?

அந்த மணலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1623ஆம் ஆண்டில் பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி, இன்றைய கருநாடக மாநிலத்திலுள்ள இக்கேரிக்கு வந்தார். அங்கே ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர் அமர்ந்து கணக்குப் படிப்பதைக் கண்டார். அவர்கள் பாடத்தை இராகமிட்டு உரக்கச் சொல்லிக்கொண்டே தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதினர். தரை நிரம்பியதும் அழித்து மீண்டும் எழுதினர். ஆசிரியர் எவரும் அருகில் இல்லை. "உங்கள் பிழையைத் திருத்துவார் யார்?" என்று பயணி வினவினார். ஒரே ஐயம் நால்வருக்கும் ஒரே வேளையில் தோன்றுவது இயலாது. ஆகவே ஒருவருக்கொருவர் நாங்களே ஆசிரியர் என்னும் கருத்துப்பட அச்சிறுவர் விடையளித்தனராம். இவ்விடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சின் முடிவில் இதற்கு மீண்டும் வருவேன்.

நம் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் இம்முறையே வழங்கியது. முதலில் மணல், கை பழகிய பின் பனையோலையும் எழுத்தாணியும். ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ பல படிகளில் இருப்பர். ஆகவே நன்கு கற்ற மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமர்வான். அவன் எண்சுவடியை உரக்கச் சொல்ல, இளையோர் திருப்பிச் சொல்வர். அவனிடம் பிரம்பும் இருந்ததுண்டு. அதனால் அவனை எல்லோரும் விரும்பினர் என்று கூற இயலாது.

இம்முறை கடல் கடந்த கதை வியப்புக்குரியது. ஆண்டுரு பெல் என்னும் ஸ்காத்துலாந்துப் பாதிரியார் 1787இல் இந்தியாவுக்கு வந்து, 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளரானார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே எழுத்துக் கற்பிக்குமாறு துணையாசிரியர்களைப் பணித்தார். அவர்கள் இது நடவாது என்று மறுத்துவிட்டனர். பெல் வாதாடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, கடைநிலை வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான்.

பெல் 1796இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே தம் சோதனையை நூலாக வெளியிட்டார். 1798இல் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இலண்டனில் பள்ளி தொடங்கி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைப் பெருக்கினார். "மதராஸ் முறை" என்னும் பெயர் இங்கிலாந்தெங்கும் பரவியது. பெல் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு அவருடைய பிறப்பூராகிய செயின்ட் ஆண்டுரூசில் 1833இல் திறக்கப்பட்ட பள்ளிக்கு "மதராஸ் கல்லூரி" என்றே பெயர். நம் திண்ணையின் நிழல் அத்துணைத் தொலைவு சென்று விழுந்தது.

இவ்வளவில் பெருமை கொண்டு நான் நிறுத்திவிடலாம். ஆனால் வரலாறு பெருமையை மட்டும் கற்பிப்பதன்று. இங்கிலாந்தில் இம்முறை பரவியதற்குப் பெருங்காரணம் சிக்கனம். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றனர். திண்ணையில் ஆசிரியருக்குத் துணையாக இருந்த சட்டாம்பிள்ளை, அங்கே ஆசிரியருக்கு மாற்றாக ஆக்கப்பட்டான். கல்வி இயந்திரம்போல் ஆயிற்று; பிள்ளைகள் பொருள் அறியாது ஒப்புவித்தனர். 1846இல் அந்நாட்டு அரசு பயிற்சி மாணவ ஆசிரியர் முறையை ஏற்படுத்தியது. பழைய முறை மெல்ல மறைந்தது. கருவி நன்று; ஆனால் ஆசிரியரைக் குறைப்பதற்கு அதனைக் கொண்டால் தீது. இது முதற்பாடம்.

இரண்டாம் பாடம் நம் மண்ணிலேயே உள்ளது. சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர். கேட்க இனிதாக உள்ளதன்றோ? ஆனால் அவர்களுள் பெண்கள் 4,540 பேரே. தீண்டாமை என்னும் கொடுமையால் ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குத் திண்ணையில் இடமே இல்லை. மணல் எல்லோருக்கும் இலவசம். ஆனால் அதனருகே அமரும் உரிமை எல்லோருக்கும் இல்லை. ஆகவே, எந்தக் கருவி வந்தாலும் நாம் கேட்க வேண்டிய முதல் வினா, "இதற்கு வெளியே நிற்பவர் யார்?" என்பதே.

மணலுக்குப் பின் கற்பலகை வந்தது, அச்சுப் புத்தகம் வந்தது, வானொலி வந்தது. 1970களில் உயர்நிலைப் பள்ளியில் நாங்கள் பெட்டியைச் சுற்றி அமர்ந்து வானொலிப் பாடம் கேட்டோம். பின்னர் இணையம் வந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள் ஊதியம் கருதாது பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து உலகுக்கு அளித்தனர். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமும், 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின. 2018இல் வந்த தமிழகப் புதிய பாடநூல்களில், கைப்பேசியைக் காட்டினால் காணொளி திறக்கும் குறியீடுகள் அச்சாயின. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று.

இவற்றையெல்லாம் நான் இருகை நீட்டி வரவேற்றேன் என்று சொன்னால் அது பொய்யாகும். தலைமையாசிரியனாக நான் பணியாற்றிய ஒரு பள்ளிக்குப் பத்துக் கணினிகள் வந்தன. உடைந்தால் யார் பொறுப்பு என்னும் அச்சத்தால் அறையைப் பூட்டிச் சாவியை என் மேசைக்குள் வைத்துக்கொண்டேன். பார்வையாளர் வரும் நாளில் மட்டும் உறைகள் நீங்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, அந்த அறையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டான். "உன் பாடத்தைப் பார்" என்றேன். ஈராண்டு கழித்துத் திறந்தபோது கம்பிகளை எலி கடித்திருந்தது. நான்கு கணினிகள் இயங்கவில்லை. எழும்பூரில் முடியாது என்று மறுத்த துணையாசிரியர்களின் கதையை வகுப்பில் பலமுறை நகைச்சுவையாகச் சொன்னவன் நான். அவர்கள் வரிசையில் நானும் நின்றதை அன்று உணர்ந்தேன்.

2018இல் ஓய்வு பெற்றேன். 2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. எங்கள் தெருவில் ஐந்து பிள்ளைகள்; கைப்பேசி ஒன்றே. அதுவும் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தந்தையுடையது. அவர் இரவு வீடு திரும்பிய பின்னரே அவள் பாடத்தைக் கேட்க இயலும். மறுநாள் காலை என் வீட்டுத் திண்ணையில் மற்றவர்களுக்கு அதனை அவள் சொல்லிக் கொடுப்பாள். ஒருநாள் பின்னக் கணக்கு ஒன்றில் அவள் தடுமாறினாள். நான் வாய் திறக்குமுன் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வழியைக் காட்டிவிட்டான். இக்கேரிச் சிறுவரின் விடை என் காதில் ஒலித்தது. ஒரே ஐயம் எல்லோருக்கும் ஒரே வேளையில் வருவதில்லை!

ஆயினும் அத்திண்ணைக்கு நால்வரே வந்தனர். ஐந்தாமவன் பக்கத்து நகரில் வண்டி பழுது பார்க்கும் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டான். பள்ளி திறந்த பின் இருமுறை அவன் வீட்டுக்குச் சென்றேன். "கையில் காசு பார்த்துவிட்டான் ஐயா, இனி எங்கே படிக்கப் போகிறான்?" என்றார் அவன் தந்தை. அவன் திரும்பவே இல்லை. 1822இன் கணக்கை நான் படிக்கும்போதெல்லாம், அதில் எழுதப்படாத பிள்ளைகளோடு அவன் முகமும் தோன்றுகிறது.

மாணவர்களே! உங்கள் கையிலுள்ள திரை, மணலைவிடப் பன்மடங்கு ஆற்றல் உடையது. எனினும் அதனைப் பயன்படுத்தும் நெறி பழையதே. கற்றதை மற்றொருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அப்போதுதான் அது உங்களுடையதாகும். ஐயம் வந்தால் ஆசிரியரை நாடுங்கள். திரை அவருக்குத் துணையேயன்றி மாற்று அன்று. பாடம் தொடங்குமுன் ஒருமுறை சுற்றிலும் பாருங்கள். நால்வர் அமர்ந்திருக்கிறீர்களா, ஐவர் அமர்ந்திருக்கிறீர்களா? ஓரிடம் வெறுமையாக இருப்பின், எழுந்து சென்று அவனை அழைத்து வாருங்கள். பாடம் சற்று நேரம் காத்திருக்கட்டும்.