நூலகர்க்குரிய தகுதி: சென்னை முதல் கோலாலம்பூர் வரை

பல்கலைக்கழக நூலகர் நூல்களைக் காப்பவரா, நூல்களைக் கற்றவரா என்னும் வினா நெடுங்காலமாக நிலவுவது. அதற்குத் தம் வாழ்வாலேயே விடை தந்தவர் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் பயிற்றிய அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தபோது நூலகப் பயிற்சி பெற்றிருக்கவில்லை. அவ்வாண்டே இலண்டன் சென்று பயின்று மீண்டார். 1929-இல் சென்னை நூலகச் சங்கத்தின் வழியே பயிற்சிப் பள்ளி தோன்ற வழிவகுத்தார். கணிதப் புலமையும் நூலகப் பயிற்சியும் இணைந்ததன் விளைவே 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை.

இனி நம் நாட்டை நோக்குவோம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956-இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. அங்குத் தமிழ் இடம்பெறவும் தமிழ் நூல்கள் சேரவும் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார். எளிய மக்களும் ஈந்தனர். அவ்வாறு சேர்ந்த செல்வத்தை வகைப்படுத்த யாருக்குத் தகுதி உண்டு என்னும் வினா எழுவது இயல்பு.

1968-இல் மாரா தொழில்நுட்பக் கழகம் நூலகக் கல்வியைத் தொடங்கியது. மறு ஆண்டே, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. அதனைத் தொகுத்தவர் இந்திய ஆய்வியல் துறையைச் சார்ந்த இராம சுப்பையா. மொழிப் புலமை நூலகப் பணிக்கு இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காரணம் எளிது. தமிழர் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்து தந்தையைக் குறிக்கும். இதனை அறியாதார் தந்தை பெயரையே ஆசிரியர் பெயராகப் பதிவர். உரோமன் எழுத்தில் ஒரே பெயர் பலவாறு எழுதப்பெறும். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வெளிவந்த குடமுழுக்கு மலரில் தமிழ் ஆண்டு மட்டுமே இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சியை அறியாதார் அதன் காலத்தைக் கணிக்க இயலாது. பிழையாகப் பதியப்பெற்ற நூல் அடுக்கில் இருந்தும் இல்லாததே.

ஆதலின் நூலகவியற் பட்டம் ஒரு கண், பொருட்புலமை மறு கண் என்போம். ஆசிரியப் பெருமக்களே, தமிழில் தேர்ந்த மாணவர்க்கு ஆசிரியத் தொழிலோடு நூலகவியலையும் ஒரு வழியாகக் காட்டுங்கள். நம் முன்னோர் காசு சேர்த்து நூல் வாங்கினர்; அவற்றைத் தேடுவோர் கையில் சேர்ப்பது நம் கடன்.