சமதானி

தமிழ்நாட்டில் ஐசோடோப்பு, ஓரிடத்தான் என்பார்கள். இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகள் படிக்கும் சொல் சமதானி. இதிலுள்ள தானம் அன்னதானத்தில் வரும் கொடை அல்ல. ஸ்தானம், அதாவது இடம். சம இடத்தில் இருப்பது சமதானி. மூலச்சொல்லும் அப்படியே: கிரேக்கத்தில் ஐசோஸ் சமம், தொப்போஸ் இடம். 1913இல் பிரெடரிக் சொடிக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் டொட் என்ற மருத்துவர்.

எந்த இடம்? ஆவர்த்தன அட்டவணையில் உள்ள கட்டம். காபனுக்கு எப்போதும் 6 புரோத்தன். நியூத்திரன் 6, 7, 8 என மாறினால் காபன் 12, 13, 14. நிறை வேறு, இரசாயனக் குணம் ஏறக்குறைய ஒன்றே. மருந்தாய்வும் இந்த ஒற்றுமையைப் பயன்படுத்துகிறது. மருந்து மூலக்கூற்றின் ஒரு காபனை காபன் 14 ஆக்கினாலும் உடல் அதை வழக்கம்போலவே நடத்தும். காபன் 14 விடும் கதிர்வீச்சோ மருந்து இரத்தத்தில், சிறுநீரில் எங்கே போகிறது என்று காட்டிக்கொடுக்கும். ஆகவே அடையாளமிடப்பட்ட மருந்து என்கிறோம்.

இயற்கையும் அடையாளமிடுகிறது. அடர்காட்டு நிழலில் வளரும் செடிகளில் காபன் 13 குறைவு. உண்டவரின் பல்லில் அது பதியும். குருவிற்றைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலென உள்ளிட்ட குகைகளில் கிடைத்த பற்களை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு மனிதர் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தனர் என்று 2015இல் நிறுவினார்கள்.