கூட்டின் வலிமையைத் தனியாளிடம் அளத்தல்: நிக்கோபாரும் மீள்திறன் வினாநிரல்களும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அந்தமான் நிக்கோபாரில் பணியாற்றிய பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவக் குழு, இடம்பெயர்ந்தோரில் 5.2 விழுக்காட்டினருக்கும் இடம்பெயராதோரில் 2.8 விழுக்காட்டினருக்கும் உளநோய் இருந்ததாகப் பதிவு செய்தது. தமிழகக் கடலோர மீனவக் கிராமம் ஒன்றில் வினாநிரல் கொண்டு நடந்த ஆய்வோ, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் மட்டுமே 12.7 விழுக்காடு என்றது. இரண்டையும் அருகருகே வைத்துத் தீவுவாசிகளே மீள்திறன் (துன்பத்திலிருந்து மீண்டெழும் ஆற்றல்) மிக்கவர்கள் என்று சொல்லிவிடத் தோன்றும். அது செல்லாது. ஒன்று மருத்துவர் கண்டறிந்த நோய். மற்றது வினாநிரலில் ஒரு வரம்பைத் தாண்டிய மதிப்பெண். தவிர, நோயின்மையும் மீள்திறனும் ஒன்றல்ல. அப்படியானால் மீள்திறனையே நேரடியாக அளக்கும் வினாநிரல் போதுமா? நிக்கோபாரைப் பொறுத்தவரை, இன்றுள்ள வடிவில் போதாது என்பதே என் வாதம்.

கானர், டேவிட்சன் இருவரும் 2003இல் வெளியிட்ட மீள்திறன் அளவுகோலில் 25 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். இத்தகைய அளவுகோலைப் புதிய மக்களிடம் கொண்டுசெல்வோர் பெரும்பாலும் கிரோன்பாக்கின் ஆல்ஃபா 0.8ஐத் தாண்டியதும் நிறைவடைந்துவிடுகிறார்கள். கூற்றுகள் தம்முள் ஒத்துப்போவதைத்தான் ஆல்ஃபா காட்டும். எதை அளக்கின்றன என்பதைக் காட்டாது. 1951இல் ஆல்ஃபாவைத் தந்த அதே கிரோன்பாக், 1955இல் உளவியலாளர் மீலுடன் சேர்ந்து, கருத்தாக்க ஏற்புடைமை, அதாவது அளக்க நினைத்ததையே அளவுகோல் அளக்கிறது என்பது, கோட்பாட்டின் கணிப்புகளோடு உரசிப் பார்த்தே நிறுவப்பட வேண்டும் என்று எழுதினார். முதலாவதைக் கொண்டாடுவோர் இரண்டாவதைப் படிப்பது அரிது.

நிக்கோபாரில் நிலமும் தென்னையும் பன்றியும் ‘துஹெத்’ எனும் கூட்டுக் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தன. துன்பத்தில் முடிவைத் துஹெத் தலைவரிடம் விட்டுவிடுபவர், வாழ்க்கை தம் கட்டுப்பாட்டில் உள்ளது என்ற கூற்றுக்குக் குறைவாகவே மதிப்பெண் இடக்கூடும். அதே செயல்தான் அவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த சமாளிப்பாகவும் இருக்கலாம். இது நிக்கோபாருக்கு மட்டும் உரியதுமல்ல. நாகப்பட்டினம் மாவட்ட மீனவ ஊர்களில் குழு உரையாடல் வழி நடந்த 2008ஆம் ஆண்டு ஆய்வும் மீட்சியைக் கூட்டு முயற்சியாகவே கண்டது. நிம்ஹான்ஸ் குழுவும் மக்களுக்குக் கைகொடுத்தவையாக ஒன்றிணைந்த சமூகம், குடும்ப அமைப்பு, தலைவர்களின் தன்னலமற்ற செயல், சமய நம்பிக்கை ஆகியவற்றையே குறிப்பிட்டது. கானர்-டேவிட்சன் அளவுகோலில் சமய நம்பிக்கைக் காரணிக்குக் கிடைத்த இடமோ இரண்டே கூற்றுகள்.

இங்கிருந்து ஒரு சோதனை பிறக்கிறது. பேரலைக்குப் பின் நிவாரணமும் வீடும் துஹெத்துக்கு அன்றித் தனிக்குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன, கூட்டமைப்பு தளர்ந்தது. மீள்திறன் உண்மையிலேயே கூட்டில் தங்கியிருந்தால், துஹெத் உறவு நிலைத்த குடும்பங்களுக்கும் சிதைந்த குடும்பங்களுக்கும் இடையே மதிப்பெண் வேறுபட வேண்டும். அந்த வேறுபாட்டை அளவுகோல் பிடிக்கத் தவறினால், ஆல்ஃபா எவ்வளவு உயர்ந்தாலும் பயனில்லை.

துயரப்படுபவர் தனிமனிதர்தானே, அவரிடம் கேட்பதில் என்ன பிழை என்பார்கள். கேட்பதில் பிழையில்லை, விடையைக் குடும்ப அளவிலும் தொகுக்காமல் விடுவதே பிழை. ஒவ்வொரு மக்கள் குழுவுக்கும் தனி அளவுகோல் என்றால் ஒப்பீடு அழிந்துவிடும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் தமிழர், வங்காளியர், நிக்கோபாரியர் என்று பல குழுவினர் வாழும் தீவுகளில், ஒரே மதிப்பெண் எல்லோரிடமும் ஒரே பொருளைத் தருகிறது என்பது அளவீட்டு மாறாமைச் சோதனையில் தேறும்வரை இழப்பதற்கு ஒப்பீடே இல்லை. உண்மையான இடர் மக்கள்தொகையில் இருக்கிறது: சௌரா போன்ற சிறு தீவில் காரணிப் பகுப்பாய்வுக்கு வேண்டிய சில நூறு பேரைத் திரட்டுவதே கடினம். அங்கே புள்ளியியலுக்கு முன்பாக நேர்காணலும், ஒவ்வொரு கூற்றையும் விடையளிப்போர் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்ற விசாரணையும் வர வேண்டும். அதுவரை அம்மதிப்பெண்களை வைத்து எந்தத் தீவுக்கு உளநல உதவி தேவையில்லை என்று நிர்வாகம் தீர்மானிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை.