காட்டாமணக்கு டீசல்

காட்டாமணக்கு விதையின் எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் எரிபொருள். ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் அறிவியல் பெயர் ஜட்ரோஃபா கர்காஸ். ஏரி, குளங்களில் ஊதாப் பூக்களோடு மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு. அதற்கும் எரிபொருளுக்கும் தொடர்பில்லை. 2003 முதல் ஏறக்குறைய பத்தாண்டுக் காலம், இந்தியாவின் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு இந்த வேலிச் செடியிலிருந்து கிடைக்கும் என்று அரசு கணக்குப் போட்டது. கணக்கு பலிக்கவில்லை. ஆராய்ச்சி பாதியில் இருக்கும்போதே நடவு தொடங்கிவிட்டதுதான் அதற்குத் தலையாய காரணம்.

செடியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். போர்த்துக்கீசியக் கப்பல்கள் கேப் வெர்டே தீவுகள் வழியாக இதை ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டுவந்தன என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 19ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளிலிருந்து லிஸ்பனுக்கும் மார்செய்க்கும் சோப்புத் தயாரிக்க விதை ஏற்றுமதியானது. தமிழ்நாட்டில் இது தோட்டத்து வேலி. ஆடு மாடு வாய் வைக்காது; கிளையை ஒடித்து ஊன்றினாலே துளிர்த்துவிடும். காம்பை ஒடித்து, வடியும் பாலில் குமிழி ஊதி விளையாடாத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. கொட்டையைத் தின்றுவிட்டு வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளைகளும் உண்டு. விதையிலுள்ள கர்சின் என்ற புரதமும் ஃபோர்பால் எஸ்டர்களும் நஞ்சு. மெக்சிகோவில் மட்டும் நஞ்சில்லாத வகை ஒன்று இருக்கிறது. அங்கே விதையை வறுத்துத் தின்கிறார்கள்.

தாவர எண்ணெயில் எஞ்சின் ஓட்டுவது புதிதல்ல. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆனால் தாவர எண்ணெய் கெட்டியானது; நாளடைவில் எஞ்சினின் நாசில்களை அடைத்துவிடும். பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் சவான் 1937இல் பெற்ற காப்புரிமை இதற்கு வழி காட்டியது. எண்ணெயோடு ஆல்கஹாலைச் சேர்த்து வினைபுரியச் செய்தால் கிளிசரின் பிரிந்துவிடும். மிஞ்சுவது டீசலைப் போல இளகிய திரவம். இன்றைய பட்டறைகளில் பத்து லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, 60 டிகிரி சூட்டில் கலக்குகிறார்கள். அப்படியே விட்டால் கிளிசரின் அடியில் படியும். மேலே தெளிந்து நிற்பதுதான் உயிரி டீசல். விதை பழசாகிப் புளித்த எண்ணெயாக இருந்தால், காஸ்டிக் சோடா அதை டீசலாக்குவதற்குப் பதில் சோப்பாக்கிவிடும்.

காட்டாமணக்கு விதையில் எண்ணெய் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உண்டு. உணவுப் பயிரும் அல்ல, வறட்சியையும் தாங்கும். இந்த மூன்றும் சேர்ந்து பெரும் நம்பிக்கையை ஊட்டின. 2002 டிசம்பர் 31இல் டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயில் 5 சதவீத உயிரி டீசல் கலந்து ஓட்டிப் பார்க்கப்பட்டது. 2003 ஏப்ரலில் வந்த திட்டக் குழுவின் அறிக்கை, 1.12 கோடி ஹெக்டேரில் காட்டாமணக்கு நட்டு 2011–12க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்றது. அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் பல உரைகளில் இச்செடியைப் பற்றிப் பேசினார். இனி டீசல் வளைகுடாவிலிருந்து அல்ல, கொல்லைப்புறத்திலிருந்து வரும் என்பது சத்தீஸ்கரின் முழக்கம். 2006 ஜனவரியிலிருந்து லிட்டர் 25 ரூபாய்க்குக் கொள்முதல் செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. தயாரிப்புச் செலவே அதைவிட அதிகம் என்பதால் கொள்முதல் மையங்களுக்கு வந்தது சொற்பம்.

தமிழ்நாட்டில் மானியம், கூட்டுறவுக் கடன், தனியார் நிறுவனங்களின் ஒப்பந்தச் சாகுபடி என மூன்று வழியிலும் செடி பரவியது. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் பெரே அரிசா-மொன்டோபியோவும் சரத்சந்திர லேலேயும் செய்த களஆய்வு 2010இல் வெளிவந்தது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. பாசன வசதி இருந்தாலன்றிப் பயிர் தேறாது. இழப்பு ஏழை விவசாயிகளையே அதிகம் தாக்கியது என்பவை அதன் முடிவுகள். ‘தரிசில் வளரும்’ என்ற வாக்குறுதியை இந்த ஆய்வுக்குப் பிறகு யாரும் கூச்சமின்றிச் சொல்லியிருக்க முடியாது. அரசுப் பதிவேட்டில் தரிசு என்றிருக்கும் நிலம் பெரும்பாலும் ஊரின் ஆட்டு மேய்ச்சல் நிலம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே.

வறட்சியில் சாகாமல் நிற்பது வேறு, காய்ப்பது வேறு. செடியின் பூங்கொத்தில் ஒரு பெண் பூவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆண் பூக்கள். பூத்ததில் காயாவது சிறிது. அந்தக் காய்களும் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை. ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், கறுப்பு மூன்றும் இருக்கும். இயந்திரத்தால் அறுக்க வழியில்லாததால் ஆள் விட்டுத் திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டும். விதை விற்ற காசு பறிப்புக் கூலிக்கே போய்விடும். கடலை, எள் என்றால் புண்ணாக்காவது காசாகும். இதன் புண்ணாக்கு மாட்டுக்கு ஆகாது, உரமாகப் போடலாம், அவ்வளவே. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள செடிகளிடையே மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்பதும் பின்னர் தெரியவந்தது. எல்லாம் ஏறக்குறைய ஒரே வழியில் வந்த சந்ததி. தேர்ந்தெடுத்து மேம்படுத்த அதிகம் இல்லை. ஜப்பானின் கசுசா டி.என்.ஏ. ஆய்வு நிறுவனம் இதன் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தி வெளியிட்டபோது, லட்சக்கணக்கான ஏக்கரில் நடவு முடிந்திருந்தது.

இந்த ஆர்வம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. 2007இல் பி.பி. எண்ணெய் நிறுவனம், டி1 ஆயில்ஸ் என்ற உயிரி எரிபொருள் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 10 லட்சம் ஹெக்டேர் நடத் திட்டமிட்டு, 2009இல் விலகிக்கொண்டது. 2008 டிசம்பர் 30இல் ஏர் நியூசிலாந்தின் போயிங் 747 ஒன்று, நான்கு எஞ்சின்களில் ஒன்றில் பாதிக்குப் பாதி காட்டாமணக்கு எரிபொருள் கலந்து ஆக்லாந்திலிருந்து சோதனையாகப் பறந்தது. 2009இல் நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தார், ஒரு லிட்டர் காட்டாமணக்கு டீசலுக்குச் சுமார் 20,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டார்கள். அந்த எண்ணை மறுத்தவர்களும் உண்டு. இருந்தாலும், தண்ணீரே வேண்டாத பயிர் என்ற பேச்சு அதோடு அடங்கிவிட்டது.

2018இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை உயிரி டீசலுக்கான இலக்கை 2030க்கு 5 சதவீதமாகக் குறைத்தது. அரசின் கவனம் எத்தனால் பக்கம் திரும்பியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27இல், சத்தீஸ்கரில் விளைந்த காட்டாமணக்கின் எரிபொருளை ஒரு எஞ்சினில் 25 சதவீதம் கலந்து ஸ்பைஸ்ஜெட் விமானம் டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. அதைத் தயாரித்த டேராடூன் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் மெத்தனால் முறையைக் கையாளவில்லை. வினையூக்கியின் துணையோடு எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தியது. அந்த முறைக்குக் காட்டாமணக்குதான் வேண்டும் என்பதில்லை. ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயும் போதும். அந்நிறுவனம் இப்போது அந்த எண்ணெயிலும் ஆய்வு நடத்திவருகிறது.